மறுவீட்டு முள்ளங்கி

பொழுது சரியாக விடியவில்லை. அதற்குள் பலவேசம் வீட்டில் பேச்சுச் சத்தம் கேட்டது. மூன்று பேர் பேசினார்கள். வீட்டில் இருந்தது அவர் ஒருவர்தான்.

"வாங்க மாப்ளே. வா செண்பகம். பஸ்ஸுல கூட்டமா?" இது அவர் குரல். கல்யாண வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவரின் குரல் என்றும் சொல்லலாம்.

"கூட்டம் இருந்தா என்னப்பா, உங்க தலையிலயா ஏறி வந்தோம்?" இது மகள் செண்பகம். பாதி மூக்கில், மீதி பல்லிடுக்கில்.

"வந்ததும் வராததுமா அவளை ஏன் போட்டுப் பிடுங்குதீய?" இது மனைவி. மகள் கல்யாணத்தைப் பார்க்காமலே போய்ச் சேர்ந்துவிட்டவள். குரல் மட்டும் இன்னும் அவர் தொண்டையில் குடியிருந்தது, வாடகை இல்லாமல்.

அடுத்து மாப்பிள்ளை ஆவுடையப்பன் பேச வேண்டிய இடம். பலவேசத்தின் தொண்டை தானாகக் குறுகியது. நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. கண்ணிமை படபடவென்று அடித்தது.

அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார். பொத்தியபடியே, செருப்பையும் மறந்து, உலகம்மை வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனார்.

தென்காசிப் பக்கத்துத் திருவிழா மேடைகளில் பலகுரல் பலவேசத்தைத் தெரியாதவர்கள் குறைவு. காக்கா, குக்கர், ஏலம் போடுகிறவர், தேர்தலில் ஜெயித்த பஞ்சாயத்துத் தலைவர், அதே தலைவர் தோற்ற பிறகு, என்று எல்லாக் குரலும் அவரிடம் உண்டு. கேட்டால் விடமாட்டார். கேட்காவிட்டாலும் விடமாட்டார்.

ஆறு வருடத்துக்கு முன்னால் மகளின் கல்யாண வரவேற்பு. பாட்டுக் கச்சேரிக்காரர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். யாரோ மைக்கைக் கையில் கொடுத்து, "அண்ணாச்சி, மாப்பிள்ளை மாதிரி ஒண்ணு" என்றார்கள். மாப்பிள்ளைக்குப் பேச்சு திக்கும். பலவேசம் கொஞ்ச நேரம் மாப்பிள்ளையாகப் பேசினார். மண்டபம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். செண்பகம் சிரிக்கவில்லை.

மறுநாள் பெண் வீட்டில் மறுவீட்டு விருந்து. அந்த ஊர்களில் சொதி இல்லாமல் மறுவீடு கிடையாது. அந்தத் தேங்காய்ப்பால் குழம்பு அண்டா நிறைய ஆறிக் கிடந்தது. பெண்ணும் மாப்பிள்ளையும் முதல் பஸ்ஸிலேயே தூத்துக்குடிக்குப் போயிருந்தார்கள்.

அதன் பிறகு வரவில்லை. போன வாரம்தான் ஆவுடையப்பன் போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வருகிறோம் என்பதைச் சொல்லி முடிக்க அவருக்கு நேரம் பிடித்தது. பிறகு செண்பகம் போனை வாங்கினாள்.

"இவுக ஆசைப்பட்டாவன்னு வாரேன். அன்னைக்கு மாதிரி ஒரு சத்தம் உங்க வாயில வந்துச்சுன்னா இலையை மூடிட்டு எந்திரிச்சிருவேன். அதுக்கப்புறம் உங்க சாவுக்குத்தான் வருவேன்."

பலவேசம் போனை வைத்தார். வைத்த அடுத்த நொடி, ஆளில்லாத வீட்டில், அவர் வாய் மாப்பிள்ளை பேசியதை அப்படியே பேசிக் காட்டியது. அவர் கேட்காமலே. அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் இல்லை.

உலகம்மை சாமியார் இல்லை. காவி இல்லை, கமண்டலம் இல்லை. பலவேசத்தைவிடப் பதினைந்து வயது இளையவர். கிணற்றடியில் கொஞ்சம் காய் போட்டிருந்தார். ஊரில் சிலர் எதையும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். கேட்டால் பதில் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பலவேசம் முதலில் அங்கே போனது உலகம்மையின் குரலைப் பிடிக்கத்தான். மேடையில் ஒரு சாமியாரம்மா வேஷம் தேவைப்பட்டது. நாள் கணக்கில் உட்கார்ந்து பார்த்தார். பிடிக்கிற அளவுக்கு அந்த அம்மாள் பேசவே இல்லை. போன காரியம் ஆகவில்லை என்றாலும் அவர் போவதை நிறுத்தவில்லை.

இப்போது உலகம்மை தொட்டியில் முள்ளங்கி அலசிக்கொண்டிருந்தார்.

"அம்மா, இன்னைக்கு அவங்க வாராங்க. நான் என்ன பேசணும்?"

"மண்ணு போகல. தேயுங்க அண்ணாச்சி."

பலவேசம் உட்கார்ந்து தேய்த்தார்.

"மன்னிப்பை வாசல்லயே கேட்டிரவா? இல்ல, சொதி ஊத்தும்போது கேக்கவா?"

"வாலைக் கிள்ளிருங்க."

"மன்னிப்புக்கா?"

"முள்ளங்கிக்கு."

கிள்ளினார். உலகம்மை கையை உதறிக்கொண்டு கேட்டார்:

"இன்னைக்கு என்ன சமையல்?"

"சொதியும் சோறும் பக்கத்து வீட்டு சிவகாமி அக்கா செஞ்சு தாராவ. நான் சுடுதண்ணி வச்சாலே அடிப்பிடிக்கும், உங்களுக்குத் தெரியாதா."

"அப்ப அடுப்பு வேண்டாம். இதை நறுக்கிப் பச்சையா வைங்க. அது உங்க கை வேலை."

முள்ளங்கி, கேரட், இரண்டு பீட்ரூட். பையில் போட்டுக்கொண்டு உலகம்மை முன்னால் நடந்தார். பலவேசம் பின்னாலும் பக்கத்திலும் முன்னாலும் நடந்தார்.

பலவேசத்தின் அடுப்படியில் உலகம்மை சுவரோரம் உட்கார்ந்துகொண்டார். கத்தியைத் தொடவில்லை.

"துருவிரட்டுமா? சீக்கிரம் முடியும்."

"துருவினா சாறு போயிரும். நறுக்குங்க. தீக்குச்சி மாதிரி."

"பீட்ரூட்டு?"

"தனிப் பாத்திரம். இல்லன்னா எல்லாத்துக்கும் அது சாயத்தைப் பூசிரும்."

"பச்சமிளகா, மல்லி, எலுமிச்சம்பழம். சரி. உப்பு?"

"கடைசில."

"கடைசின்னா எப்போ?"

"கடைசில."

பலவேசம் நறுக்கத் தொடங்கினார். மூன்று முள்ளங்கி நறுக்குவதற்குள் நாலு தடவை வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்தார். தெருவில் ஒரு நாய் படுத்திருந்தது. அதற்குப் பஸ் எதுவும் வர வேண்டியிருக்கவில்லை.

"அன்பும் பண்பும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களே," என்று ஆரம்பித்தார். "கடந்த காலத்தில் நடந்த கசப்பான சம்பவத்துக்கு..."

"இது யாரு?" என்றார் உலகம்மை.

"பஞ்சாயத்துத் தலைவர்."

"அவர் எதுக்கு மன்னிப்புக் கேக்காரு?"

பலவேசம் குரலை மாற்றினார். கரகரவென்று, தழுதழுத்து, இருமலோடு. "மாப்ளே, இந்தக் கெழவன் கண்ணை மூடுறதுக்குள்ள..."

"இது?"

"பழைய நாடகத்துல வர்ற அப்பா. இதுக்குச் சனம் நல்லா அழும்."

உலகம்மை விரலை நீட்டினார். தட்டைச் சுட்டிக் காட்டினார். பலவேசம் குனிந்து பார்த்தார். நறுக்கிய காய்மேல் உப்பு தூவியிருந்தது. கை எப்போது போனது, எப்போது வந்தது, அவருக்குத் தெரியாது.

"ஒரு சிட்டிகைதான்," என்றார்.

தட்டு ஓரத்தில் ஈரம் கோத்தது. அவர் சாய்த்து வடித்தார். மறுபடி கோத்தது. கொஞ்ச நேரத்தில் முள்ளங்கி, துவைத்துப் போட்ட நாடா மாதிரி தொங்கியது.

"வேற நறுக்குங்க," என்றார் உலகம்மை.

இரண்டாவது தடவை பலவேசம் உப்பு ஜாடியை ஜன்னல் பக்கம் தள்ளி வைத்தார். வாயை இறுக்கிக்கொண்டு நறுக்கினார். கேரட் முடிந்தது. முள்ளங்கியில் பாதி முடிந்தது. தூரத்தில் பஸ் ஹாரன் கேட்டது.

வாய் திறந்துகொண்டது.

"நான் பேசுனா அவ இப்படிச் சொல்லுவா: 'ஆறு வருசமா எங்கப்பா போயிருந்தீய?' நான் சொல்லுவேன்: 'உன் வாசல் வரைக்கும் வந்து திரும்பினேம்மா.' அவ சொல்லுவா: 'பொய்யி.' நான் சொல்லுவேன்: 'உங்க அம்மா மேல சத்தியமா.' அதுக்கு அவ: 'செத்தவளை ஏன் இழுக்கீய?' அப்ப மாப்பிள்ளை குறுக்க வந்து..."

நாக்கு பல்லுக்குப் பின்னால் ஒட்டியது. இமை அடித்தது. அடுப்படியில் அந்தச் சத்தம் வந்தது. சுத்தமாக, மேடையில் வந்த மாதிரியே.

பலவேசம் கத்தியைக் கீழே போட்டார்.

"பாத்தீயளாம்மா? இதுதான். இது நான் கூப்பிட்டு வாரதில்ல. இப்ப வந்த மாதிரி இலைக்கு முன்னாலயும் வந்துட்டா? அவ எந்திரிச்சுப் போயிருவா. இனி எனக்கு யாரு இருக்கா?"

உலகம்மை எழுந்து வந்தார். தட்டைப் பார்த்தார். ஜாடி ஜன்னலில்தான் இருந்தது. மூடி மட்டும் அம்மிமேல் கிடந்தது. தட்டில் தண்ணீர் தளும்பியது. அதை ஒரு டம்ளரில் வடித்தார். பலவேசத்தின் முன்னால் வைத்தார்.

"குடிங்க."

"உப்புத் தண்ணியையா?"

"குடிங்க அண்ணாச்சி."

குடித்தார். முள்ளங்கியின் காரமும் கேரட்டின் தித்திப்பும் எல்லாம் அதில் இருந்தன.

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"இப்ப இதைத் தின்னு பாருங்க." ஒரு கேரட் துண்டை எடுத்துக் கொடுத்தார்.

பலவேசம் மென்றார். சத்தமே வரவில்லை. வாயில் ஈரத் துணி இருந்த மாதிரி இருந்தது.

"இதுல ஒண்ணுமே இல்லியே."

"அவங்களுக்கு வச்சிருந்ததை நீங்க குடிச்சிட்டீய."

பலவேசம் டம்ளரைப் பார்த்தார். பையைப் பார்த்தார். பையில் இரண்டு முள்ளங்கி, ஒரு கேரட். தொடாத பீட்ரூட் இரண்டும் தனியே கிடந்தன.

உலகம்மை ஜாடியிலிருந்து ஒரு பிடி உப்பை எடுத்துத் தன் முந்தானை நுனியில் முடிந்துகொண்டார். ஜாடியைத் தூக்கிப் பரணில் வைத்தார். பலவேசம் குள்ளம்.

"நறுக்குங்க."

அவர் நறுக்கினார். கத்தி பலகையில் படும் சத்தம் மட்டும் கேட்டது. இடையில் ஒருமுறை பஞ்சாயத்துத் தலைவர் எட்டிப் பார்த்தார். பலவேசம் ஒரு துண்டு முள்ளங்கியை வாயில் போட்டு அவரை அடைத்தார்.

கடைசி பீட்ரூட்டைத் தோல் சீவும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

அவர் ஒத்திகை பார்த்த வாசல் வேறு. அதில் பலவேசம் படியிறங்கி வந்து இரண்டு கையையும் விரித்திருந்தார். இதில் அவர் கை இரண்டும் பீட்ரூட் சிவப்பாக இருந்தது. ஆவுடையப்பன் அதைப் பார்த்துவிட்டுப் பதறிப்போய்ப் பக்கத்தில் வந்தார்.

"பீட்ரூட்டு, மாப்ளே," என்றார் பலவேசம்.

அவ்வளவுதான் பேச்சு. ஆவுடையப்பன் தலையாட்டினார். செண்பகம் அப்பாவைப் பார்க்காமல் அம்மாவின் படத்தைப் பார்த்தாள். மாலை காயாமல் இருந்தது. கை கழுவப் போனாள்.

இலை போட்டார்கள். உலகம்மை பரிமாறினார். இலையில் முதலில் விழ வேண்டியது உப்பு. அது விழவில்லை. காய் விழுந்தது. வெள்ளை, ஆரஞ்சு, ஓரமாகக் கொஞ்சம் கருஞ்சிவப்பு. சோறு வந்தது. சொதி, பாத்திரத்தில் காத்திருந்தது.

பலவேசம் எதிரில் தன் இலை முன்னால் உட்கார்ந்திருந்தார். இலை நேராகத்தான் இருந்தது. அதை இன்னும் நேராக இழுத்து வைத்தார். மறுபடி இழுத்தார்.

ஆவுடையப்பன் ஒரு வாய் முள்ளங்கி எடுத்து மென்றார். நறுக்கென்று சத்தம் கேட்டது. மறுபடி ஒரு வாய். பிறகு நிமிர்ந்தார்.

"மாமா," என்றார்.

அடுத்த வார்த்தை வரவில்லை. உதடு குவிந்து நின்றது. இமை அடித்தது.

அது எந்த வார்த்தை என்று பலவேசத்துக்குத் தெரியும். அவர் தொண்டை அதை முழுசாகச் செய்து தயாராக வைத்திருந்தது. மாப்பிள்ளைக்கு முன்னால் எடுத்துக் கொடுத்துவிடலாம். இல்லாவிட்டால் அது மாப்பிள்ளையின் குரலிலேயே வெளியே குதித்துவிடும். இரண்டில் ஒன்று நடக்கத்தான் போகிறது. உதடு குவியத் தொடங்கியது. செண்பகம் மாப்பிள்ளையைப் பார்க்கவில்லை. அப்பாவின் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பலவேசம் இலையிலிருந்து ஒரு கை முள்ளங்கியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். மென்றார். காரம் மூக்கில் ஏறியது. கண்ணில் நீர் வந்தது. மென்றுகொண்டே இருந்தார்.

"உப்பு," என்றார் ஆவுடையப்பன். "உப்பு இல்ல, மாமா."

"இந்தா, இந்தா," என்று எழுந்து அடுப்படிக்கு ஓடினார் பலவேசம். உலகம்மை முந்தானை முடிச்சை அவிழ்த்து உப்பை ஒரு சின்னத் தட்டில் கொட்டினார். கொஞ்சத்தை முடிச்சிலேயே விட்டுவைத்தார். பலவேசத்துக்குத் தட்டை எடுக்கத் தோன்றவில்லை. விரலால் அள்ளிக்கொண்டு ஓடி வந்தார். ஆவுடையப்பன் உள்ளங்கையை நீட்டினார்.

"கையில கொடுக்காதீங்கப்பா. சண்டை வரும்," என்றாள் செண்பகம்.

ஆறு வருடத்தில் நேருக்கு நேர் அவள் சொன்ன முதல் வார்த்தை. ஒத்திகையில் எந்தச் செண்பகமும் இதைச் சொல்லியிருக்கவில்லை. பலவேசம் விரல் நிறைய உப்போடு நடுவில் நின்றார்.

ஆவுடையப்பன் கையை மடக்கவில்லை. கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டு சொன்னார்: "இனிமேலா வரப் போவுது. போடுங்க."

பலவேசம் போட்டார். ஆவுடையப்பன் தன் காயில் கொஞ்சம், செண்பகம் காயில் கொஞ்சம் தூவினார். மீதியைப் பலவேசத்தின் இலையோரம் வைத்தார்.

பலவேசம் உட்காரவில்லை. நின்றபடியே வாயைத் திறந்தார்.

"மாப்ளே. அன்னைக்கு மேடையில நான் செஞ்சது..."

அடுத்த வார்த்தை 'தப்பு'. சின்ன வார்த்தை. நாக்கு பல்லுக்குப் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. அவர் தள்ளினார். நகரவில்லை. மறுபடி தள்ளினார். அந்த முதல் எழுத்தே திரும்பத் திரும்ப வந்து முட்டியது. இமை படபடவென்று அடித்தது.

மேடையில் கேட்ட சத்தம்தான். அச்சு அசல்.

செண்பகத்தின் முகம் கல்லாகியது. இலையின் மேல்பாதியைப் பிடித்து மடக்கினாள்.

"எந்திரிங்க, போவோம்," என்றாள் கணவனிடம்.

பலவேசம் கையை ஆட்டினார். தலையை ஆட்டினார். பஞ்சாயத்துத் தலைவரைக் கூப்பிட்டுப் பார்த்தார். அழுகிற அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். காக்காவைக்கூடக் கூப்பிட்டார். வாழ்நாள் முழுக்க வரிசையில் நின்றவர்கள், ஒருவரும் வரவில்லை. வார்த்தை முட்டிக்கொண்டே இருந்தது.

ஆவுடையப்பன் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இடது கையை எடுத்துச் செண்பகத்தின் கைமேல், மடக்கிய இலைமேல், வைத்தார்.

"இரு," என்றார்.

"உங்களுக்குக் காது கேக்கலியா? மறுபடியும் அதையே..."

"இது அது இல்ல. எனக்குத் தெரியாதா?"

அவர் அந்த வார்த்தையை எடுத்துக் கொடுக்கவில்லை. சோற்றையும் தொடவில்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி சாதாரணமாக உட்கார்ந்திருந்தார். செண்பகம் ஒரு கையை இலைமேல் வைத்தபடி அப்பாவைப் பார்த்தாள். மின்விசிறி சுற்றியது. தெருவில் அந்த நாய் ஒரு தரம் குரைத்துவிட்டுப் படுத்தது. இலையில், உப்பு பட்ட முள்ளங்கி மெல்ல ஈரம் கோக்கத் தொடங்கியது.

"தப்பு," என்றார் பலவேசம்.

குரல் கட்டையாக, யார் மாதிரியும் இல்லாமல் வந்தது.

"தப்பு பண்ணிட்டேன், மாப்ளே."

ஆவுடையப்பன் சோற்றில் குழி பறித்தார்.

"சொதி ஊத்துங்க, மாமா."

பலவேசம் கரண்டியை எடுத்தார். ஊற்றியதில் பாதி சோற்றிலும் பாதி இலைக்கு வெளியிலும் விழுந்தது. செண்பகம் மடக்கிய இலையை நிமிர்த்தினாள். நடுவில் கோடு விழுந்திருந்தது.

"எனக்குக் காய் இன்னும் கொஞ்சம் வைங்கப்பா," என்றாள். "தண்ணி விடுததுக்குள்ள."

வெயில் தாழ்ந்ததும் அவர்கள் கிளம்பினார்கள். ஆடியில் மறுபடி வருவதாக ஆவுடையப்பன் சொன்னார். அதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆனது என்று பலவேசத்துக்குத் தெரியவில்லை.

அடுப்படியில் உலகம்மை பாத்திரங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தார். உப்புப் படாத காய் ஒரு கிண்ணத்தில் மிச்சம் இருந்தது. அதையும், முந்தானை முடிச்சில் மிஞ்சியிருந்த உப்பையும் பலவேசத்தின் முன்னால் வைத்தார். காலையிலிருந்து அவர் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

பலவேசம் உட்கார்ந்தார். உப்பைத் தொட்டுக்கொண்டு ஒரு துண்டைக் கடித்தார். நறுக்கென்றது.

"அம்மா, விடியக்காலம் வந்து ஒண்ணு கேட்டேன். என்ன பேசணும்னு. நீங்க இன்னும் பதிலே சொல்லல."

உலகம்மை காலிப் பையை உதறி மடித்தார்.

"அப்பவே சொல்லியிருந்தா மத்தியானத்துக்குள்ள தண்ணி விட்டிருக்கும், அண்ணாச்சி."